சரக்கு சைக்கிளுக்கு இன்ஜின்: பட்டறைச் சீட்டில் வராத செலவுகள்

(பொம்மிடி மொத்த மளிகை வியாபாரி ஒருவர்)

சென்ற மாதம் கடத்தூர் பக்கத்திலிருந்து சரக்கு எடுக்க வந்த ஓர் இளம் மளிகைக் கடைக்காரர், சீட்டு எழுதி முடித்ததும் தமது செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். சாதாரண சைக்கிள்தான். அதன் நடுக்கம்பிகளுக்கு இடையே ஒரு சிறிய இன்ஜின், மேலே ஒரு குட்டி பெட்ரோல் டேங்க்.

"அண்ணா, இப்படி ஒண்ணு பூட்டிட்டா வீட்டுக்கு வீடு சரக்கு கொடுக்க ஆகுமில்ல? எங்க மாமா வீட்ல பழைய மருந்தடிக்கிற மெஷின் சும்மாதான் கெடக்குது. பட்டறையில கேட்டேன், ரெண்டு நாள்ல பண்ணித் தர்றேன்கிறாங்க" என்றார்.

"உக்காருப்பா, டீ சொல்றேன்" என்று அவரை உட்கார வைத்தேன். ஒரு மணி நேரம் பேசினோம். போகும்போது, "இதை நம்ம சங்கப் பத்திரிகையில எழுதுங்கண்ணா, என்னை மாதிரி நாலு பேரு யோசிச்சிக்கிட்டு இருப்பாங்க" என்றார். அதன் பேரில்தான் இக்கட்டுரை. நான் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. இன்ஜினியர் அல்ல. ஆனால் இந்த விஷயத்தில் காசு கொடுத்தும், அதைவிடப் பெரியதைக் கொடுத்தும் பாடம் கற்றவன். அதை முறையாகச் சொல்கிறேன்.

பழைய ஆசைதான்

சைக்கிளில் இன்ஜின் பூட்டும் எண்ணம் இன்று நேற்று வந்ததல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருஷம், 1946-இல், ஜப்பானில் சோய்சிரோ ஹோண்டா என்பவர் இதைத்தான் செய்தார். ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்க வைத்திருந்த சிறு ஜெனரேட்டர் இன்ஜின்கள், போர் முடிந்து வேலையில்லாமல் கிடந்தன. அவற்றை வாங்கிச் சைக்கிளில் பூட்டினார். முதல் வண்டிக்குப் பெட்ரோல் டேங்காக, குளிர்காலத்தில் வெந்நீர் நிரப்பி வைத்துக்கொள்ளும் குப்பியைப் பொருத்தினாராம். ஓட்டிப் பார்க்கச் சொல்லித் தம் மனைவியிடமே கொடுத்தார் என்று அந்த நிறுவனமே தன் வரலாற்றில் சொல்கிறது.

அதே ஹோண்டா மூன்றே வருஷத்தில், 1949-இல், சைக்கிளை விட்டுவிட்டு வண்டிக்கென்றே தனிச் சட்டம் செய்து, 'ட்ரீம்' என்ற பெயரில் மோட்டார் சைக்கிளைக் கொண்டு வந்தார். இதை நண்பர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சைக்கிளில் இன்ஜின் பூட்டிப் புகழ்பெற்ற மனிதரே, அதில் அதிக நாள் நிற்கவில்லை.

ஐரோப்பாவிலும் அந்தக் காலத்தில் இப்படித்தான். பிரான்சில் வெலோசோலெக்ஸ் என்ற வண்டியில் முன்சக்கரத்தின் மேல் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். இத்தாலியில் குச்சோலோ என்று 48 சி.சி. இன்ஜின் ஒன்றை, சைக்கிளில் பூட்டுவதற்கென்றே விற்றார்கள். இவற்றின் வழியில் வந்ததுதான் 'மொபெட்'. மோட்டார், பெடல் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து உண்டான பெயர் அது. நம் நாட்டில் 1972-இல் லூனா வந்தது. 1980-இல் ஓசூரில் டி.வி.எஸ். 50 வந்தது. அன்று ஓசூர் நமது தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோதுதான் அந்தப் பக்கம் போயிற்று. ஆகவே, சரக்கு சுமக்கும் மொபெட் நம் மாவட்டத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

எவ்வளவு சக்தி வேண்டும்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு சாதாரண ஆள் தொடர்ந்து சைக்கிள் மிதித்தால் சுமார் 75 வாட் சக்தி கொடுப்பார். அதாவது ஒரு குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு. ஆள், சைக்கிள், இன்ஜின், 50 கிலோ சரக்கு எல்லாம் சேர்த்து 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சம தரையில் 25 கி.மீ. வேகத்தில் போக, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குதிரைத்திறன் போதும். ஆனால் இருபது அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் அதே வேகம் வேண்டுமென்றால், முழுதாக ஒரு குதிரைத்திறன் ஆகும். சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் நமக்கு ஏற்றம் இறக்கம் இல்லாத பாதை குறைவு. எனவே சுமார் ஒரு குதிரைத்திறன் உள்ள மருந்தடிக்கும் மெஷின் இன்ஜின் போதும் என்று பட்டறைக்காரர் சொன்னால், அந்த மட்டில் அவர் சொல்வது தவறில்லை.

அடுத்தது வேகம். இங்குதான் வேலை இருக்கிறது. நம்மூர்ப் பெரிய சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 2.2 மீட்டர் நகரும். மணிக்கு 25 கி.மீ. போக, சக்கரம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 190 சுற்று சுற்றினால் போதும். ஆனால் மருந்தடிக்கும் மெஷின், புல் வெட்டும் மெஷின் இன்ஜின்கள் தங்கள் முழுச் சக்தியைக் கொடுப்பது நிமிஷத்துக்கு 6,000, 6,500 சுற்றில். 6,500-ஐ 190-ஆகக் குறைக்க வேண்டும். அதாவது இன்ஜின் 34 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று.

நமது பாஷையில் சொன்னால், இன்ஜின் சில்லறைக் காசாகக் கொடுக்கிறது. சக்கரத்துக்கு நோட்டாக வேண்டும். காசை நோட்டாக மாற்றிக் கொடுக்கும் வேலையைத்தான் பல்சக்கரமும் பெல்ட்டும் செய்கின்றன. வேகம் குறையக் குறைய இழுக்கும் பலம் கூடும். இந்த மாற்று சரியாக இல்லாவிட்டால், ஏற்றத்தில் இன்ஜின் திணறும், அல்லது சம தரையில் கூச்சலிட்டுச் சூடேறும்.

பூட்டும் மூன்று வழிகள்

முதல் வழி உருளை. சைக்கிள் டைனமோவை எல்லோரும் பார்த்திருப்போம். அதில் டயர் உருளையைச் சுற்றுகிறது. இதில் உருளை டயரைச் சுற்றுகிறது. இன்ஜின் தண்டில் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பொருத்தி டயர் மேல் அழுத்தினால், 6,500 சுற்றில் வண்டி சுமார் 30 கி.மீ. போகும். செயின் வேண்டாம், பல்சக்கரம் வேண்டாம். அரை நாளில் பூட்டி விடலாம். செலவும் குறைவு. ஆனால் டயரைத் தின்றுவிடும். மழை பெய்தால் வழுக்கும். ஹோண்டாவும் முதலில் முன்சக்கரத்தில் இப்படித்தான் செய்து பார்த்து, டயர் தாங்காமல், பிறகு பின்சக்கரத்துக்குப் பெல்ட் போட்டார்.

இரண்டாவது வழி பெல்ட். அரிசி ஆலையில் பார்ப்பது போல, சிறிய கப்பியிலிருந்து பெரிய கப்பிக்கு. அதிர்ச்சியைத் தாங்கும்; சத்தம் குறைவு. ஆனால் ஒரே பெல்ட்டில் 34-க்கு 1 என்று குறைக்க முடியாது. சிறிய கப்பி 2 அங்குலம் என்றால் பெரியது 68 அங்குலம் இருக்க வேண்டும். சைக்கிளே 28 அங்குலச் சக்கரம்தான்! ஆகையால் நடுவில் இன்னொரு தண்டு வைத்து இரண்டு கட்டமாகக் குறைக்க வேண்டும். லேத் வேலை கூடும்.

மூன்றாவது செயின். இப்போது பெட்டியாக விற்கும் சீனக் கிட்கள் இந்த வகை. இன்ஜினுக்குள்ளேயே 4-க்கு 1 என்ற அளவில் ஒரு குறைப்பு. வெளியே 10 பல்லிலிருந்து 44 பல்லுக்கு இன்னொரு குறைப்பு. மொத்தம் சுமார் 18-க்கு 1. இந்த இன்ஜின்கள் 25 கி.மீ. வேகத்தில் 3,400 சுற்று அளவில் ஓடும். இதில் பலவீனமான இடம் பின்சக்கரம். 44 பல் சக்கரத்தை ரப்பர் பட்டை வைத்துப் போக்ஸ் கம்பிகளோடு சேர்த்து இறுக்குகிறார்கள். போக்ஸ் கம்பி பாரத்தைத் தாங்கச் செய்தது. இன்ஜின் இழுப்பதற்குச் செய்ததல்ல. ஓரிரு கம்பி அறுந்தால் சக்கரம் கோணும், செயின் கழலும். கழன்ற செயின் சக்கரத்தில் மாட்டினால், பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். மேலும் ஒரு சூது சொல்கிறேன்: சந்தையில் 80 சி.சி. என்று விற்பது பெரும்பாலும் 66 சி.சி.தான். எடை குறைந்த மூட்டையை நாம் ஒப்புக்கொள்வோமா?

இன்ஜினை மாற்றி அமைப்பது

எந்த இன்ஜினும் ஒரு வேலைக்கென்று செய்யப்பட்டது. அதை வேறு வேலைக்கு மாற்றும்போது என்னென்ன கெடும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதுகில் மாட்டி மருந்தடிக்கும் மெஷினில் இன்ஜினுக்கும் காற்றாடிக்கும் நடுவே கிளட்ச் கிடையாது. இன்ஜின் ஓடினால் காற்றாடி ஓடும். அதைச் சைக்கிளில் பூட்டினால் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் இன்ஜினையும் அணைக்க வேண்டும். அல்லது உருளையைத் தூக்க ஒரு லீவர் வைக்க வேண்டும். மேலும் அதன் சிலிண்டர், சுற்றியுள்ள கூடும் காற்றும் சேர்ந்து குளிர்விப்பது. கனம் குறைய வேண்டுமென்று கூட்டைக் கழற்றி எறிந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புல் வெட்டும் மெஷினில் தானாகப் பிடிக்கும் கிளட்ச் உண்டு. அந்த வகையில் அது மேல்.

கடைக்கு வைத்திருந்த சிறு ஜெனரேட்டர், தண்ணீர் இறைக்கும் பம்ப் இவற்றின் இன்ஜின்களில் கவர்னர் என்ற கட்டுப்பாடு இருக்கும். மின்சாரம் 50 சைக்கிளில் வர வேண்டும் என்பதற்காகச் சாதாரண ஜெனரேட்டர் 3,000 சுற்றில் நிற்கும். வேகம் வேண்டுமென்று கவர்னரைக் கழற்றுவதுதான் பட்டறைகளில் நடக்கும் முதல் 'மாடிபிகேஷன்'. சுற்று கூடினால் கனெக்டிங் ராடு மேல் விழும் பலம் அதே அளவில் கூடாது. சுற்று இரண்டு மடங்கானால் பலம் நான்கு மடங்கு. ராடு உடைந்தால் இன்ஜினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஓட்டுகிறவரின் முழங்காலுக்குப் பக்கத்தில்!

நான்கு ஸ்ட்ரோக் பம்ப் இன்ஜின்களில் பலவும் அடியில் கிடக்கும் ஆயிலை ஒரு சிறு கரண்டியால் வாரித் தெளித்துக்கொள்பவை. சமமாக வைத்தால்தான் ஆயில் எல்லா இடமும் போகும். சைக்கிள் சட்டத்தில் இடமில்லை என்று சாய்த்துப் பூட்டினால் உள்ளே காய்ந்துவிடும். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கோ பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். இன்ஜினைப் பொறுத்து லிட்டருக்கு 20 முதல் 40 மில்லி. அவசரத்தில் ஒரு நாள் மறந்தாலும் இன்ஜின் போயிற்று.

எல்லாவற்றுக்கும் மேல் அதிர்வு. நிமிஷத்துக்கு 6,000 சுற்று என்றால் விநாடிக்கு நூறு உதறல். மிதித்து ஓட்டுவதற்காகச் செய்த சைக்கிள் சட்டத்தில் இது நாள் முழுவதும் அடித்துக்கொண்டே இருக்கும். நட்டுகள் கழலும். சட்டத்தின் மூட்டுகளில் முதலில் மயிரிழை போல விரிசல் விடும். பெயின்ட்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. பிறகு ஒரு நாள் பாரத்தோடு விட்டுவிடும்.

நிறுத்துவது எப்படி?

இத்தனை நேரம் ஓட வைப்பதைப் பற்றிப் பேசினோம். நான் சொல்ல வந்ததே இனிமேல்தான்.

பாரம் ஏற்றிய சைக்கிளை மிதித்து ஓட்டினால் 12 கி.மீ. வேகம் போகும். இன்ஜின் பூட்டினால் 24 கி.மீ. வேகம் இரண்டு மடங்கானால் அதை நிறுத்தும் தூரமும் இரண்டு மடங்கு என்றுதான் நினைப்போம். அப்படி அல்ல. நான்கு மடங்கு. 12 கி.மீ. வேகத்தில் 9 அடியில் நிற்கும் சைக்கிள், அதே பிரேக், அதே பாரத்தோடு 24 கி.மீ. வேகத்தில் நிற்க 36 அடி எடுக்கும். நம் கடையின் வாசலிலிருந்து தெருவின் எதிர்ப்பக்கத்துக்கும் அப்பால்.

அதுவும் வறண்ட ரோட்டில். நம் சரக்கு சைக்கிளின் பிரேக், கம்பி இழுத்து ரப்பர் கட்டையை இரும்பு ரிம்மில் உரசச் செய்வது. மழையில் நனைந்த முலாம் ரிம்மில் ரப்பர் பிடிப்பதே இல்லை. மெதுவாகப் போகும் சைக்கிளில் காலை ஊன்றிச் சமாளிப்போம். இன்ஜின் வேகத்தில் காலை ஊன்றினால் கால் முறியும்.

பட்டறையில் இன்ஜினுக்குச் செலவு சொல்வார்கள், பிளேட்டுக்குச் செலவு சொல்வார்கள், வெல்டிங்குக்குச் செலவு சொல்வார்கள். பிரேக்குக்கு ஒரு வரி அந்தச் சீட்டில் இருக்காது. நாமும் கேட்க மாட்டோம். நான் கேட்கவில்லை.

என் கணக்கில் எழுதிய பற்று

1987-ஆம் வருஷம். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. அப்பா கல்லாவில் இருந்தார். சரக்கு அனுப்பும் பொறுப்பு என்னுடையது. சுற்று வட்டாரக் கிராமத்துக் கடைகளுக்கு எங்கள் சைக்கிளில்தான் சரக்கு போகும். பழுதான மருந்தடிக்கும் மெஷின் ஒன்று மலிவாகக் கிடைத்தது. 35 சி.சி. இன்ஜின். ஒரு பட்டறையில் கொடுத்து, பின்சக்கரத்தின் மேல் உருளை வைத்துப் பூட்டச் சொன்னேன். உருளையைத் தூக்க ஹேண்டில்பாரில் ஒரு லீவர்.

மூன்று மாதம் ராஜ நடை நடந்தது. காலையில் இரண்டு நடை போன இடத்தில் ஐந்து நடை. மற்ற கடைக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். "பையன் மூளைக்காரன்" என்று அப்பாவிடம் சொன்னார்கள். எனக்குத் தலை கனத்துவிட்டது. அப்பா மட்டும் ஒரு நாள், "ஓடறது சரிப்பா, நிக்குதா?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

ஐப்பசி மாதம். தூறல். எங்கள் கடையில் வேலை செய்த ஆள், ஐம்பது கிலோ சர்க்கரையும் ஒரு டின் கடலை எண்ணெயும் கட்டிக்கொண்டு புறப்பட்டார். ஒரு சரிவில் இறங்கும்போது, மழையில் துருப்பிடித்த ஆக்சிலேட்டர் வயர் திறந்தபடியே மாட்டிக்கொண்டது. லீவரை இழுத்து உருளையைத் தூக்கிவிட்டார். ஆனால் பாரம் தள்ளியது, சரிவு இழுத்தது. பிரேக்கைப் பிடித்தார். நனைந்த ரிம்மில் கட்டை வழுக்கியது. சந்தைக்குப் போய்விட்டு ஓரமாக நடந்து வந்த ஒரு பெரியவர் மேல் வண்டி மோதியது.

எங்கள் ஆளுக்கு மணிக்கட்டு முறிந்தது. பெரியவருக்கு இடுப்பு எலும்பு. தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, சர்க்கரை மழையில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து, "தம்பி, என் ஆட்டுக்குட்டிய யாராச்சும் புடிச்சிக் கட்டுங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த வண்டிக்குப் பதிவு இல்லை; காப்பீடு இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் எங்கள் தலையில். வீட்டுக்காரி கையிலிருந்த வளையல் அடகுக்குப் போயிற்று. பெரியவர் அதன்பின் தடியில்லாமல் நடக்கவில்லை. அவர் உயிரோடிருந்த வரையில் மாதா மாதம் அரிசியும் பருப்பும் அவர் வீட்டுக்கு அனுப்பினோம். அதைத் தர்மம் என்று ஊரில் சொன்னார்கள். தர்மம் இல்லை, கடன். பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதினாலும் அது தீராத கடன்.

பட்டறைக்காரர் மேல் நான் குறை சொல்லவில்லை. அவர் நான் கேட்டதைச் செய்தார். ஓட வைக்கச் சொன்னேன், ஓட வைத்தார். நிறுத்தச் சொல்ல நான்தான் மறந்தேன்.

அடுத்த வருஷமே தவணையில் ஒரு டி.வி.எஸ். 50 வாங்கினோம். சக்கரத்துக்குள்ளே டிரம் பிரேக், பாரத்துக்கென்று செய்த சட்டம், பதிவு எண், காப்பீடு. விலை அதிகமென்று முன்பு தள்ளிப் போட்டேனே, அந்த விலையில் என்னென்ன அடங்கியிருந்தது என்று அன்றுதான் புரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் உள்ள இன்ஜின் 25 சி.சி.க்கு மேற்படாவிட்டால், அது மோட்டார் வாகனம் என்ற கணக்கில் வராது. அதற்கு மேல் போனால், சைக்கிள் என்று நாம் சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனம். பதிவு, ஓட்டுநர் உரிமம், மூன்றாம் நபர் காப்பீடு எல்லாம் வேண்டும். 35 சி.சி. மருந்தடிக்கும் மெஷினும், 48, 66 சி.சி. கிட்டும் இதில் அடங்கும். ஆனால் பட்டறையில் செய்த வண்டிக்கு, அங்கீகரிக்கப்பட்ட தயாரிப்பு என்ற சான்று கிடையாது. சான்று இல்லாமல் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாமல் காப்பீடு கிடைக்காது.

காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது சிறிய விஷயம். விபத்து நடந்தால், காயம்பட்டவருக்கோ இறந்தவர் குடும்பத்துக்கோ தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை உரிமையாளரே கட்ட வேண்டும். ஓட்டியவர் நம் கடை ஆள், போனது நம் கடைச் சரக்கு என்றால், நாம்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு மாலை நேரத்து விபத்தில் முப்பது வருஷக் கடை போய்விடலாம்.

பதிவு பெற்ற மொபெட்டையே வாங்கி, அதில் வேறு இன்ஜின் போடுவது, கூடுதல் சக்கரம் வைப்பது போன்றவற்றையும் சட்டம் தடுக்கிறது. அனுமதி இல்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. சென்னையில் சரக்கு ஏற்றும் மீன்பாடி வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். மூன்று சக்கர மிதிவண்டி. அதில் பழைய ஸ்கூட்டர், மொபெட் இன்ஜினைப் பூட்டி ஓட்டியது கோர்ட்டு வரை போனது. பிழைப்புக்காகச் செய்கிறார்கள் என்பது உண்மை. பாதிக்கப்பட்டவர் எங்கே போய் இழப்பீடு கேட்பார் என்பதும் உண்மை.

சிறு பையன்களிடம் வண்டியைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் நம்மில் சிலரிடம் இன்னும் உண்டு. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பையன் குற்றம் செய்தால், வண்டி உரிமையாளருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்குப் பதினாறு வயதில் உரிமம் பெறலாம் என்ற விதி இருந்தாலும், இன்று கடைகளில் ஓடும் எக்ஸ்.எல். 100 வண்டி 99.7 சி.சி. அதற்குப் பதினெட்டு வயது ஆக வேண்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

கடத்தூர் தம்பிக்கு நான் சொன்னதையே இங்கும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. மூட்டைக் கணக்கில் சரக்கு போக வேண்டுமென்றால், பதிவும் காப்பீடும் உள்ள மொபெட்டே சரி. புதிது வாங்க வசதியில்லை என்றால் பழையதை வாங்குங்கள். ஆனால் ஆர்.சி. புத்தகம், காப்பீடு, பிரேக் மூன்றையும் பார்த்து வாங்குங்கள். பெயர் மாற்றத்தை அன்றே செய்துவிடுங்கள்.

2. பத்து, இருபது கிலோ வீட்டுச் சாமான்தான், இரண்டு மூன்று கி.மீ. சுற்றளவுதான் என்றால், பேட்டரி சைக்கிளைப் பார்க்கலாம். மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் 25 கி.மீ.க்கும் உட்பட்டு, பேட்டரி நீங்கலாக 60 கிலோ எடைக்குள் இருக்கும் அங்கீகாரம் பெற்ற வண்டிக்குப் பதிவோ உரிமமோ தேவையில்லை. 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றை நிரப்ப அரை யூனிட் மின்சாரம் போதும். மிதித்தும் கொடுத்தால் பாரத்தைப் பொறுத்து 25, 30 கி.மீ. வரும். வேகக் கட்டுப்பாட்டைப் பிரித்து விடச் சொல்லாதீர்கள். பிரித்தால் சலுகையும் போயிற்று, பிரேக்கும் போதாது. டிஸ்க் அல்லது டிரம் பிரேக் உள்ளதையே வாங்குங்கள்.

3. 25 சி.சி.க்கு உட்பட்டதுதானே, பூட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் மோட்டார் காப்பீடு அதற்குப் பொருந்தாது என்பதையும், மோதினால் நட்ட ஈடு கேட்கும் உரிமை மற்றவருக்கு அப்போதும் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அப்படியும் செய்வதானால், இன்ஜினுக்கு முன்னால் பிரேக்கை மாற்றுங்கள். இன்ஜினை உடனே அணைக்கும் சுவிட்ச் கட்டை விரலுக்கு எட்டட்டும். ஆக்சிலேட்டர் கையை விட்டதும் தானே மூடிக்கொள்ள வேண்டும். இன்ஜினை முன் போர்க்கில் மாட்டாதீர்கள். பாரம் ஏற்றாதீர்கள். வாரம் ஒரு முறை நட்டுகளையும் சட்டத்தின் மூட்டுகளையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

4. பழைய மருந்தடிக்கும் மெஷின் இருந்தால் அதைச் சரிசெய்து தோட்டக்காரர் எவருக்காவது விற்றுவிடுங்கள். மாந்தோப்பும் மரவள்ளியும் உள்ள நம் பகுதியில் அதற்கு வேலை இருக்கிறது. எந்தக் கருவியும் அதன் வேலையைச் செய்தால்தான் லாபம்.

5. கடை ஆள் யாரிடம் வண்டியைக் கொடுத்தாலும், அவருடைய உரிமத்தை நீங்களே வாங்கிப் பாருங்கள். தலைக்கவசத்தைக் கடைச் செலவில் வாங்கிக் கொடுங்கள். சணல் பையை விடச் செலவு அதிகம். ஆஸ்பத்திரியை விடக் குறைவு.

நாம் வியாபாரிகள். பத்து பைசா மிச்சம் பிடிப்பது நம் ரத்தத்தில் ஊறியது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மிச்சம் எது, கடனைத் தள்ளிப் போடுவது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். வாங்கும்போது மலிவாக இருந்த என் இன்ஜின் சைக்கிள், என் வாழ்நாளில் நான் வாங்கிய பொருள்களிலேயே விலை உயர்ந்தது.

டீ முடிந்ததும் கடத்தூர் தம்பி படத்தை மூடிவிட்டு, "பழைய எக்ஸ்.எல். ஒண்ணு விலைக்கு வருதுண்ணா, நீங்க ஒரு தடவ வந்து பாக்கணும்" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். இன்ஜின் சத்தத்தைக் கேட்க அவர் இருக்கிறார். நான் முதலில் பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பேன்.